ஊமை ஏரியில் என் விளக்கு

காப்பீட்டு அலுவலகத்தில் டெத் கிளெய்ம்களைச் சரிபார்ப்பது என் வேலை. போனவர் உண்மையிலேயே போனாரா, எதனால் போனார் என்று கேள்வி கேட்டுக் கேட்டு என் பேச்சே போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிட்டது என்பார் என் கணவர். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் சொன்னது.

வேலை போனதிலிருந்து மனிதர் ஒரு கணினி விளையாட்டில் குடியேறிவிட்டார். சாப்பாட்டு மேசையை ஒட்டிய அறைதான். கதவு சாத்தியே இருக்கும். தட்டை உள்ளே வைத்தால் காலியாக வெளியே வரும், அவ்வளவுதான் எங்கள் குடும்பம். இதற்கு நடுவில் எனக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வீடு இரண்டு பேருக்கா, ஒருவருக்கா என்று மேலாளர் கேட்டிருந்தார். பதில் சொல்ல வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் வாரக்கணக்கில் கேட்டுப் பார்த்துவிட்டேன். "ம்" என்பார். அதற்கு வருகிறேன் என்று அர்த்தமா, வரவில்லை என்று அர்த்தமா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையும் அந்த விளையாட்டு ஆடுவாள். உன் வீட்டுக்காரர் எந்நேரமும் ஊமை ஏரியில்தான் கிடக்கிறார், அங்கேயே போய்ப் பிடி என்று யோசனை சொன்னது அவள்தான். அரக்கர்களை வெட்டிச் சாய்க்கிற விளையாட்டில் சண்டை இல்லாத ஒரே இடம் அது. கரையில் கால் வைத்ததும் வாள் தானாக உறைக்குள் போய்விடும். குரலும் அடங்கிவிடும்; எழுதித்தான் பேச வேண்டும். அவருக்கு அடையாளம் தெரியாத, கவசம் போட்ட தன் வீராங்கனையை எனக்கு இரவல் தந்துவிட்டு, என் மானத்தை வாங்கிவிடாதே என்றாள்.

விடுமுறை நாள், மதியம். மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். பார்க்கிற மரத்திலெல்லாம் முட்டி, ஒரு வழியாக ஏரிக்குப் போய்ச் சேர்ந்தேன். பாழாய்ப்போன ஏரி அழகாகத்தான் இருந்தது. கரும்பச்சைத் தண்ணீர், அதன்மேல் கண்ணுக்கு எட்டியவரை மிதக்கும் விளக்குகள். படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கரைக்கு வந்தார். தலைக்கு மேல் "சோம்பல் சிங்கம்" என்று பட்டப்பெயர். தங்கை சொன்ன அதே பெயர். என் வீட்டுக்காரரேதான்.

புதுசா என்று விசாரித்தார். படகு வேண்டுமென்றால் முதலில் இறந்துபோன நெருங்கின உறவு யாருக்காவது ஒரு விளக்கு விட வேண்டும், படகு இருந்தால்தான் நடு ஏரியில் பெரிய மீன் அகப்படும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். இவருக்குப் பொறுமை உண்டு என்பதே எனக்குச் செய்தி. நீங்கள் யாருக்கு விட்டீர்கள் என்று கேட்டேன்.

பக்கத்து அறையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் திரையில் எழுத்து வந்தது.

"என் மனைவிக்கு."

ஒரு படகுக்காக என்னைக் கொன்றிருக்கிறார். இவருடைய அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அந்த மனுஷனுக்கு விட்டிருக்கக் கூடாதா? ஆனாலும் தொழில் புத்தி போகுமா? எப்போது, எப்படி, எந்த ஆஸ்பத்திரி என்று வரிசையாகக் கேட்டேன். முதலில் காய்ச்சல் என்றார். கொஞ்சம் தள்ளி விபத்து என்றார். இப்படி ஒரு கிளெய்ம் என் மேசைக்கு வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

உங்கள் மனைவி எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலடி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாளாம். ஆரஞ்சு உரித்தால் நாரெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கையில் தருவாளாம். இவருக்கு வேலை போன அன்றைக்கு ஒரு கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம்; அதற்கப்புறம் அவள் முகத்தில் விழிக்கவே கூசியதாம். உயிரோடு இருக்கிற எனக்கு இதில் பாதி கிடைத்திருந்தால் மிச்ச ஆயுசை ஓட்டியிருப்பேன். அழுகை வந்தது. வயிறும் எரிந்தது.

"இதெல்லாம் அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"கூடவே இருக்கறப்ப எங்க தோணுது? சரி, நீங்க யாருக்கு விளக்கு விடப்போறீங்க?"

"கணவருக்கு" என்று எழுதினேன். கோபத்தில் எழுதியதுதான். எழுதிய கையோடு எழுந்துபோய் அவர் அறைக் கதவைத் தட்டினேன். முன்பின் தெரியாதவளிடம் அவ்வளவு பேசுகிறவர் என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

"ஏங்க, டிரான்ஸ்ஃபருக்கு நாளைக்குள்ள பதில் சொல்லணும். என்கூட வர்றீங்களா, இல்லையா?"

கதவு திறக்கவில்லை.

"இப்பத் தொந்தரவு பண்ணாதம்மா. முக்கியமா ஒருத்தங்ககூடப் பேசிட்டிருக்கேன். பாவம், புருஷனைப் பறிகொடுத்தவங்க."

குரலில் அத்தனை இரக்கம். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு நாளாகியிருந்தது. திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் எனக்காக ஒரு கேள்வி காத்திருந்தது.

"மன்னிச்சுக்கோங்க, யாரோ கதவைத் தட்டினாங்க. சொல்லுங்க, உங்க வீட்டுக்காரர் எப்போ தவறினாரு?"

"இப்பத்தான்."

வீராங்கனை குனிந்து விளக்கைத் தண்ணீரில் விட்டாள். அவர் ஆறுதலாக என்னென்னவோ எழுதிக்கொண்டே போனார். நான் கைபேசியை எடுத்து, ஒரு ஆளுக்கு வீடு பார்த்தால் போதும் என்று மேலாளருக்கு அனுப்பினேன்.