பிளக்கில் சொருகும் ஜீப்

மாலையும் கையுமாக மேடேறி வந்த கிருஷ்ணப்பன், நாராயணப்பனின் முகத்தைப் பார்க்கும் முன்பே வாசலில் நின்ற ஜீப்பின் டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்தார். இருவரும் முப்பது வருடம் பழைய வண்டித் தரகு பார்த்தவர்கள். உதைக்காமல் தாண்டிப் போனால்தான் செத்தவருக்கு மரியாதைக் குறைவு.

உள்ளேயிருந்து முனிலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நாராயணப்பன் விட்டுப்போனது அந்த ஜீப் ஒன்றுதான். அதை விற்றுத்தான் மகள் சுப்ரியாவை நர்சிங் சேர்க்க வேண்டும். "ஒன்னரை லட்சத்துல ஒத்த ரூவா கொறைச்ச, எழுந்து வந்து கேப்பேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி மேல் கிருஷ்ணப்பன் மாலையை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல மனுசன். போய்ட்டான்."

"ம்."

"அந்த வண்டிய என்னா பண்ணப்போற முனி?"

"சித்தப்பா, அப்பா இன்னும் வூட்டுக்குள்ளதான் இருக்காரு."

"அதுக்குத்தான் இப்பவே கேக்கறேன். அவன் எதுருல பேசறதுதான் நியாயம். பெங்களூர்ல செல்போன் மாதிரி பிளக்குல சொருகி காரு ஓட்டறானுங்கோ. ஓசூர்ல ஸ்கூட்டரே கரண்டுல ஓடுது. இன்னும் ரெண்டு வருசத்துல ஜீப்பும் பேட்டரிதான். டீசல் வண்டி எடைக்குத்தான் போவும், பாத்துக்கினே இரு."

"எடைக்குப் போற வண்டி உங்களுக்கு எதுக்கு?"

"எல்லாம் பாசம்தான், வேற என்னா?"

ஒப்பாரியை நிறுத்திவிட்டு அத்தை சாந்தம்மா முந்தானைக்குள் சிரித்தாள்.

"மேட்டுத் தோப்புக்கு மாங்கா ஏத்தப் போனா எங்க சொருகறது சித்தப்பா? மாமரத்துலயா?"

"அதுக்கெல்லாம் அங்கங்க சார்ஜ் பெட்டி வெப்பான். ஒலகமே கரண்டுக்கு மாறிக்கினு..."

கரண்டு போனது.

மின்விசிறி சோம்பலாக நான்கு சுற்றுச் சுற்றி நின்றது. ஐஸ் பெட்டியின் உறுமல் அடங்கியது. இரண்டாயிரத்து எட்டாம் வருட ஐப்பசி அது; போன கரண்டு எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. கூடியிருந்தவர்கள் கிருஷ்ணப்பனைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார்.

"சரிப்பா, சரி," என்றார். "வாயத் தொறக்காமயே கெலிச்சிட்ட."

முனிலட்சுமிக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

புனேயில் வேலை பார்க்கும் தம்பி ராஜேஷ்குமார் வந்து சேரச் சாயங்காலமாகும். அதுவரை பெட்டி ஓட வேண்டும். வேப்பனப்பள்ளியில் வாடகைக்கு ஜெனரேட்டர் உண்டு. மழைச் சேற்றில் இந்த மேட்டுக்கு டெம்போ ஏறாது. கிருஷ்ணப்பன் ஜீப் சாவிக்குக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

முக்கால் மணியில் ஜீப் திரும்பியது. ஃபோர் வீல் கியரில் முனகிக்கொண்டு, கூரைவரை சேறு பூசிக்கொண்டு, பின்னால் ஜெனரேட்டரைச் சுமந்துகொண்டு ஏறியது. சிறிது நேரத்தில் பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது.

சாயங்காலம் கிருஷ்ணப்பன் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, தோள் துண்டைக் கைமேல் போட்டு அவள் பக்கம் நீட்டினார். மாட்டுச் சந்தையில் பழகிய வழக்கம் அது. நாலு பேர் நடுவில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு பெண்ணுக்கு அந்தத் துண்டை யாரும் நீட்டி முனிலட்சுமி பார்த்ததில்லை.

கையை உள்ளே விட்டாள். அவர் அவளுடைய ஒரு விரலைப் பிடித்தார். ஒரு லட்சம்.

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். அவருடைய ஒரு விரலைப் பிடித்து விடுவித்தாள். பிறகு ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். அது ஐம்பதாயிரம்.

"பேட்டரி வருதும்மா," என்றார், குரலில் பழைய வேகம் இல்லாமல்.

"வரட்டும் சித்தப்பா."

அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார்.

விலை படிந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். கீழே பாதையில் ராஜேஷ்குமாரின் டாக்சி சேற்றில் சிக்கி ஹாரன் அடித்தது. யாராவது ஜீப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இருவரும் கையை எடுக்கவில்லை; துண்டு அசையவில்லை.