சுவரோரம் நின்றவர்

17-9-1974, செவ்வாய்.

இன்று மாலைக் கல்லூரி வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ஒரு தவறு செய்தேன். வேம்புலியின் பெயரை அழைத்ததும் "உள்ளேன் சார்" என்று கேட்டது போலிருந்தது, வந்ததாகக் குறித்துவிட்டேன்.

"இன்னா சார், வேம்புலி வந்துகீறானா? எங்க கண்ணுக்குத் தெரியலியே," என்றார் சின்னப்பையன். லேத் ஓட்டுபவர், வகுப்பின் வாயாடி. வழக்கமாகச் சிரிப்பவர்கள் சிரிக்கவில்லை. அடித்துத் திருத்தினேன். இன்னும் இரண்டு நாள் தவறினால் வேம்புலி தேர்வு எழுத முடியாது.

சென்ற செவ்வாய்க்குப் பிறகு அவர் வரவில்லை. அன்று பொருளாதாரத்தில் கூலிப் பாடம். ஆலையிலிருந்து நேரே வருபவர்களுக்குப் புத்தகத்தை வாசித்துக்காட்டினால் தூக்கம்தான் வரும். எல்லோரும் பங்கெடுக்கட்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தேன். ஐந்து பேர் முதலாளிகள். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய கூலியைச் சீட்டில் எழுதி, அவர்களிடம் வேலை கேட்க வேண்டும். கிடைக்காதவர் சுவரோரம் நிற்க வேண்டும்.

வேம்புலி மட்டும் நின்றார். "இவர் கேட்ட கூலி அதிகம், அதனால் வேலையில்லை," என்று அவரைக் காட்டி விளக்கினேன். "ஆமா சார்," என்றார். கரும்பலகையில் கோடு வரையும் மும்முரத்தில் அவரை உட்காரச் சொல்ல மறந்தேன். மணி அடிக்கும்வரை நோட்டைச் சுவரில் வைத்துப் பென்சிலால் குறிப்பெடுத்தபடி நின்றார்.

இன்று பலகையில் எழுதும்போது, முதுகுக்குப் பின்னால் அந்தப் பென்சில் உரசும் சத்தம். இருமுறை திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் காலி. பக்கத்து பெஞ்சில்கூட யாரும் உட்காரவில்லை.

வகுப்பு முடிந்ததும் கன்னியம்மா வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர், வகுப்பில் ஒரே பெண், வேம்புலியின் தெரு. இதுவரை என்னிடம் பேசியதில்லை.

"அவரு அதிகமா கேக்கல சார். வாங்கிகினு இருந்த கூலியத்தான் எழுதினாரு. அன்னிக்குக் காலைலதான் கம்பெனி கேட்டாண்டயே நிறுத்தி, வேலை இல்லன்னு அனுப்பிட்டாங்க."

"யாரும் எங்கிட்ட சொல்லலியேம்மா?"

"நீங்க கேக்கலியே சார். சீட்டு குடுத்தீங்க, அவ்ளோதான். இனிமே படிச்சி இன்னா ஆவப்போவுதுன்னு புக்க எல்லாம் கட்டிப் பரண்மேல போட்டுட்டாரு."

எல்லோரையும் பேசவைக்கத்தான் அந்த விளையாட்டு. அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போதும் அந்த உரசல் கேட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கிறதா என்று விசாரிக்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

நாளை: மூன்று மணிக்குச் சேக்காட்டில் வேம்புலி வீடு. கன்னியம்மா வீட்டிலிருந்து நான்காவது வீடு. நான் அவரைக் காட்டிச் சொன்னது தவறு என்று வேம்புலியிடம் சொல்ல வேண்டும். கூலிப் பாடத்தை மறுபடி நடத்தும்போது, தனக்கு நடந்ததை வகுப்பில் சொல்ல விருப்பமா, இல்லையா என்று அவரையே கேட்க வேண்டும்.