ஜெயிலர் மட்டும் பேசலாம்

தணிக்கை அதிகாரிக்கு நாடகக்காரர்கள் வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். ஒரு நாடகத்தைப் படிக்க அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அவர் படித்து முடித்த நாடகம் மேடையில் பத்து நிமிஷம்கூட தாங்காது.

அவர் எதிரே நடிகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஆள் நடிக்கும் நாடகம். தேர்தலில் ஜெயித்த குற்றத்துக்காகப் பத்து வருஷமாகச் சிறையில் இருக்கும் தலைவர் ஒரு வேடம். அவரை விசாரிக்கும் ஜெயிலர் இன்னொரு வேடம். தொப்பியை மாட்டினால் ஜெயிலர், கழற்றினால் தலைவர். சனிக்கிழமைக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. தலைவரின் பெயரையே ஊர் மென்று விழுங்கப் பழகிவிட்ட காலத்தில், அவரை ஒரு மணி நேரமாவது மேடையில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பது நடிகரின் மூன்று வருஷத் தவம். கைதட்டல் ஆசையும் கூடவே உண்டு. அதை அவர் மனைவியிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

"இங்க 'மக்கள்'னு வருதே, எதுக்கு?"

"மக்களைப் பத்தித்தான் சார் அவர் பேசுறாரு."

"ஏன், பேச வேற ஆளே கிடைக்கலையாமா?" சிவப்புப் பேனா இழுத்தது. "இந்த வணக்கம் யாருக்கு?"

"ஜெயிலருக்கு சார்."

"நக்கலா சொல்றாரு. எனக்குத் தெரியாதா?"

வணக்கமும் போயிற்று. கடைசிப் பக்கத்தில் தலைவரிடம் மிஞ்சியிருந்தது ஓர் இருமல்.

"இருமினா ஜெயில்ல வசதி பத்தலைன்னு அர்த்தமாயிடும்," என்று அதையும் அடித்தார்.

நடிகர் காகிதத்தை எட்டிப் பார்த்தார். "ஜெயிலர் வசனத்துல கையே வைக்கலையே சார்?"

"அவர் சூப்பிரண்டு. எனக்கு ரெண்டு படி மேல. மேலதிகாரி பேசுறதை நான் வெட்டிட்டு, நாளைக்கு எவன் பதில் சொல்றது?"

"நாடகத்துல வர்ற ஜெயிலர்தானே சார்!"

"நாடகமா இருந்தா என்னய்யா? பதவி பதவிதான்." பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முன்வரிசையில நானே உட்கார்ந்து சரிபார்ப்பேன்."

வீட்டுக்கு வந்த நடிகர் கட்டிலில் குப்புற விழுந்தார். ஒத்திகையில் வசனம் எடுத்துக் கொடுப்பது அவர் மனைவிதான். அவள் காகிதத்தை வாங்கி, மிச்சமிருந்ததை உரக்கப் படித்தாள்.

"'என்ன முறைக்கிற?' 'வாயை மூடு!' 'எத்தனை தடவை சொல்றது, மூடுன்னா மூட மாட்டியா?'"

படித்துக்கொண்டே எதிரே கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னங்க, நாற்காலியை அவரு வெட்டலையே?"

நடிகர் எழுந்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு நாற்காலி, அதன்மேல் வெளிச்சம். தொப்பியைக் கழற்றாமலே நடிகர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன முறைக்கிற?" என்று நாற்காலியை அதட்டினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"வாயை மூடு!"

மண்டபம் அதிர்ந்தது. "உன்னைப் பார்த்து எனக்கென்ன பயமா?" என்று ஜெயிலர் நாற்காலியிடமிருந்து இரண்டடி பின்வாங்கியபோது, ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கத்தரிக்கோல் தன் கையிலிருந்த பிரதியில் வரிவரியாக விரலை ஓட்டினார். ஒரு எழுத்து பிசகவில்லை. திரை விழுந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நடிகரைப் பார்த்து அல்ல, நாற்காலியைப் பார்த்து. அது அவருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

கூட்டம் கலைந்ததும் கத்தரிக்கோல் வியர்வையோடு மேடையேறினார். "சிரிப்பு ஸ்கிரிப்ட்லயே இல்லையே!"

"நான் சிரிக்கலையே சார்."

"நாடகத்துக்குத் தடை போடுறேன் பாரு!"

"தாராளமா போடுங்க சார்," என்று திரைக்குப் பின்னாலிருந்து வந்த மனைவி காகிதக் கட்டை நீட்டினாள். "ஆனா பக்கத்துக்குப் பக்கம் உங்க கையெழுத்துதான் இருக்கு."

அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. பிறகு நிமிர்ந்து, விறைப்பாக, "இந்த நாற்காலியைப் பறிமுதல் பண்றேன்," என்றார். ரசீதும் எழுதிக் கொடுத்தார்.

"பண்ணுங்க சார்," என்றார் நடிகர். "அடுத்த சனிக்கிழமைக்கு வேற ஒண்ணு எடுத்துக்கிறோம்."

நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கிய கத்தரிக்கோல் சட்டென்று நின்றார். ஜனம் போய்விட்டிருந்தது. மண்டபம் முழுக்க முந்நூறு காலி நாற்காலிகள், வரிசை வரிசையாக, அவரைப் பார்த்தபடி இருந்தன.