டயருக்குள் அடைபட்ட பள்ளிக்கூடம்

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை காலையில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் பஞ்சர் கடையில், தையல்கார அம்மாளின் சைக்கிள் டியூபைக் கழற்றுவதற்காக வால்வைத் திருகியபோது, வெளியே வந்த காற்று ஒரு பெண்ணின் குரலில் பேசியது. "அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம். உயர்நிலைப் பள்ளி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் வரும் சனிக்கிழமை காலை நடைபெறும். அவசியம் வரவும்" என்று சொல்லி, காற்று தீர்ந்ததும் நின்றது. டியூப் சப்பையாகிக் கையில் தொங்கியது. தையல்காரி, "என்னண்ணே, உள்ள ரேடியோ வச்சிருக்கியா?" என்று கேட்டாள். பஞ்சர்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஓட்டை ஒன்றுதான் இருந்தது. ஒட்டிக் கொடுத்தார். கூலியில் மாற்றமில்லை.

அவர் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. தராசு பிடிப்பவனையும் தாளில் எழுதுபவனையும் சிரித்துக்கொண்டே பேசுபவனையும் அவர் நம்பியதே கிடையாது. கம்ப்ரஸரில்தான் கோளாறு என்று முடிவுசெய்து, டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்தார். ஆயிலை மாற்றினார். பழைய ஹோஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். புது ஹோஸில் அடைத்த காற்று இன்னும் தெளிவாகப் பேசியது. அந்த வாரத்துக்குள் ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கடையில் அடைத்த காற்றை யார் எங்கே திறந்துவிட்டாலும் பள்ளிக்கூடத்து அறிவிப்பு வரும். ஒரு டயருக்கு ஒரு அறிவிப்பு. ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லாது. மீன்காரரின் மொபெட் சந்தை நடுவில் ஆணி ஏறி, விளையாட்டு விழாவை அறிவித்தது. பிணவறை வண்டி ஆஸ்பத்திரி வாசலில் பஞ்சராகி, சீருடை அளவெடுக்கும் நாளைச் சொன்னது. யாரும் பயப்படவில்லை. காற்றுக்கு வாய் வந்தால் வந்துவிட்டுப் போகிறது, டயர் ஓடுகிறதா என்பதுதான் வண்டிக்காரனுக்குக் கணக்கு.

காரணம் ஊருக்குத் தெரியாது. பஞ்சர்காரருக்குத் தெரியும். மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்த்த அன்று, அலுவலகத்தில் இருந்த அம்மாள், பள்ளிச் செய்திகளைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், போன் நம்பர் என்ன என்று கேட்டாள். அவர் வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னார். அப்படி ஒரு நம்பர் உலகத்தில் யாருக்கும் இல்லை. நம்பரைக் கொடுத்தால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் போக வேண்டும், போனால் நிற்க வேண்டும். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அந்த வயதில் அவருடைய அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். மூட்டை தூக்கும் மனிதர், சாக்குத் தூசியோடு வந்து வகுப்பு வாசலில் நின்றார். வாத்தியார் உள்ளே வா என்று சொல்லவில்லை. பையன் மண்டையில் இருப்பது களிமண் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி சொன்னார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பையனைக் கையோடு கூட்டிப் போனவர்தான். திருப்பி அனுப்பவே இல்லை. பள்ளிக்கூடம் ஒருத்தனைக் கூப்பிட்டால் அது தலையில் குட்டத்தான் என்பது அவர் அங்கே படித்த கடைசிப் பாடம். ஆகவே இரண்டு வருஷமாக அந்த அம்மாள் பேசியதெல்லாம் போய்ச்சேர ஒரு காது இல்லாமல் அலைந்தது. போக்கிடம் இல்லாத பேச்சு காற்றில்தான் கலக்கும். காற்றைப் பிடித்து அடைத்து விற்கிறவர் அவர். வேறு எங்கே வரும்?

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. சேதிகள் பழசிலிருந்து வரிசையாக வந்தன. பத்தாவது படிக்கும் மகளுக்கு ஒன்பதாம் வகுப்புச் சேதி. வசவு வரட்டும், திருப்பிக் கொடுக்கலாம் என்று நாக்கைத் தீட்டிவைத்துக் காத்திருந்தார். வசவு வரவில்லை. மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு, பிள்ளைகள் பசியோடு உட்கார வேண்டாம், தின்ன ஏதாவது தருவோம் என்று காற்று சொன்னது. கண் பரிசோதனை இருக்கிறது, கண்ணாடியும் நாங்களே தருவோம் என்றது. வீட்டில் ஏதும் கஷ்டம் இருந்தால் தயங்காமல் வந்து பேசுங்கள் என்றது. எல்லாம் போன வருஷத்து அழைப்பு. திறந்திருந்த கதவுகள், திறந்தபடியே காத்திருந்து, சாத்திப் போனவை. குட்ட வந்த கை என்று அவர் நினைத்தது கூப்பிட வந்த கையாக இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

பிறகு ஒரு நாள், முடிவெட்டும் கடை வாசலில், பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, முடிவெட்டுபவரின் வண்டி முன்சக்கரம் வாயைத் திறந்தது. "தங்கள் மகள் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்கச் சிரமப்படுகிறாள் என்று வகுப்பாசிரியை கருதுகிறார். பெற்றோர் ஒருமுறை நேரில் வந்தால் உதவியாக இருக்கும்." அதற்கு மறுநாள் காய்கறி வண்டி: "தங்கள் மகள் கணக்கு வகுப்புக்கு வருவதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். காரணம் கேட்டால் அழுகிறாள்." இரண்டும் மகள் பெயரைச் சொல்லித்தான் சொன்னது. அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. அங்கே துணிக்குக் கஞ்சி போடும் இடத்தில் நாலு பெண்கள் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். வந்து கடை வாசலில் நின்றாள். "ஊரே கேட்டாச்சு. பெத்தவ நான் கடைசியா கேக்கறேன். நீங்க எல்லாரையும் சந்தேகப்படுறீங்களே, உங்களை நான் ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருக்கணும்" என்றாள். அவர் கையில் இருந்த உப்புத்தாளால், ஏற்கெனவே தேய்த்து முடித்த டியூபை மறுபடி தேய்த்தார்.

அன்று சாயங்காலம் மகளைக் கடைக்கு வெளியே நிறுத்தி, எதிர்க்கடைப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடகடவென்று படித்தாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற பலகை, மனப்பாடம். அப்போது தெருமுனையில் ஒரு பேருந்து திரும்பியது.

"அது என்ன நம்பர் பஸ்ஸு?"

"பச்சை பஸ்ஸுப்பா."

"நம்பரு என்னன்னு கேட்டேன்."

மகள் பேருந்தையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. "நீ அன்னிக்கு நம்பர் சொன்னப்ப நான் பக்கத்துலதாம்பா நின்னேன்" என்றாள். "தப்பா சொல்றேன்னு தெரியும். ஸ்கூல்ல கேட்டா நான் என்ன சொல்றது?" என்ன சொன்னாய் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சேதிகள் பழசெல்லாம் தீர்ந்து இந்த வருஷத்துக்கு வந்தன. இந்த மாதத்துக்கு வந்தன. ஒரு வியாழக்கிழமை, கடையில் கழற்றிய டியூப் ஒன்று, "ஏற்கெனவே அறிவித்தபடி, பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திடாத மாணவிகள் பொதுத்தேர்வு எழுத இயலாது. கடைசி நாளுக்குப் பின் வருபவர்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று சொல்லி முடித்தது. கடைசி நாள் எது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே அறிவித்ததாகச் சொன்ன அந்தக் காற்றை அவர் யாருக்கோ அடைத்து அனுப்பிவிட்டிருந்தார். ஊரில் ஏதோ ஒரு சக்கரத்துக்குள் அது சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க் கேட்டிருப்பான். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. பஞ்சர்காரர் வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி சைக்கிள் நிறுத்தத்துக்குப் போனார். தன் கடையில் காற்றடித்த வண்டிகள் அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் குனிந்து காற்றைத் திறந்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். நூலகம் திறக்கும் நேரம் கிடைத்தது. கழிப்பறைக்குக் கதவு மாட்டிய செய்தி கிடைத்தது. அங்கிருந்து சந்தை, சந்தையிலிருந்து தபால் ஆபீஸ். மத்தியானத்துக்குள் ஊரில் பாதி வண்டி உட்கார்ந்துவிட்டது. தபால்காரர் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "யோவ், யாவாரம் படுத்துடுச்சுன்னா சொல்லு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடுக்கறோம். இப்படியா ஊர் டயரைப் புடுங்கிப் பொழைக்கறது?" கூட்டம் கூடியது. நாற்பது வருஷத் தொழிலில் ஒரு டியூபில் கூடக் கள்ள ஓட்டை போடாதவர், கூட்டத்தின் நடுவில் முழங்காலிட்டுத் தபால்காரரின் பின்சக்கரத்தில் காதை வைத்தபடி இருந்தார். பதில் சொல்ல வாயெடுத்தால் போன் நம்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். யாவாரம்தான் என்றார்.

வேலை முடிந்து அந்த வழியே வந்த மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "ரெண்டு தெரு நடந்து போய்க் கேக்க வெக்கம். இங்க மண்டி போட வெக்கமில்ல?" என்று ஊர் முன்னால் கேட்டாள். அதே நேரத்தில் பால்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்னோடதையும் தொறந்து பாத்துருண்ணே, வீட்டுக்குப் போயி அது பாட்டுக்குப் பேசினா மாடு மிரளுது" என்று நிறுத்தினார். அதில்தான் இருந்தது. கடைசி நாள் அன்றைக்குத்தான். பள்ளி மணி அடிக்கும்வரை.

கிரீஸ் கையோடு போனார். மனைவி பின்னால் வந்தாள், வாசலோடு நின்றுகொண்டாள். நீங்களே போங்க என்றாள். அலுவலகத்தில் அந்த அம்மாள் இருந்தாள், குரலை வைத்தே தெரிந்தது. பக்கத்தில் வகுப்பாசிரியை. இருவரும் பள்ளிக்கு நடந்தும் பஸ்ஸிலும் வருகிறவர்கள். ஊரில் காற்று பேசுவது கேட்காமல் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அவர் இன்னாருடைய அப்பா என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், கையெழுத்து வராததால் மூலையில் நின்றிருந்த மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, "எங்கப்பா மிஸ்" என்றாள். உடனே அலுவலக அம்மாள் எழுந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகக் கத்தினாள். "வாங்க! உக்காருங்க! இங்க! கையெழுத்து! போடணும்!" கத்திக்கொண்டே காற்றில் கையெழுத்துப் போட்டும் காட்டினாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மகளின் விரல்கள் அவர் விரல்களை நெரித்தன. பிறகு விளங்கியது. அப்பா ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்டவர்களிடம் அவள் சொல்லியிருக்கிறாள்: எங்க அப்பாவுக்குக் காது கேக்காது, அதனால வீட்ல இருந்த ஒரு போனையும் வித்துட்டோம். அப்பன் சொன்ன பொய்க்கு மகள் முட்டுக்கொடுத்த பொய். இரண்டு வருஷமாக ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். இப்போது அவர் ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும், அது அவள் தலையில்தான் விழும். பஞ்சர்காரர் வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, அலுவலக அம்மாளின் வாயைப் பார்த்து, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டினார்கள். அவர் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டு முடிக்கிறவரை இரண்டு பேரும் அவசரப்படுத்தாமல் நின்றார்கள். அவர் குனிந்திருக்கும்போது வகுப்பாசிரியை அலுவலக அம்மாளிடம், கத்தாமல், பக்கத்தில் யாரும் இல்லாதபோது பேசுவதுபோல் சொன்னாள்: "பாவம், நல்ல மனுஷன். காது மட்டும் கேட்டிருந்தா முதல் தடவை கூப்பிட்டப்பவே ஓடி வந்திருப்பார்." பேனா நின்றது. காது கேளாதவனுக்கு அங்கே பேனா நிற்கக் காரணமில்லை. கடைசி எழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். பேனா பிடித்த விரலில் இருந்த கிரீஸ் தாளில் ஒட்டியிருந்தது. அதற்கும் அந்த அம்மாள் பரவாயில்லை என்று சைகை காட்டினாள்.

மகளுக்கு மறு வாரம் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள். வாசலில் நின்று தெருவை, பலகையை, கம்பியில் உட்கார்ந்த காக்கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அப்பா, உனக்கு மீசையெல்லாம் நரைச்சிருச்சா?" என்றாள். "என்னைப் பாக்காத, போய்க் கணக்கப் பாரு" என்று சொல்லி அவர் முகத்தைத் தொட்டித் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தேர்வு எழுதினாள், கணக்கில் தேறினாள், பெரிய மார்க் இல்லை. மேலே படிக்க வேறு பள்ளிக்குப் போனாள். பிறகு வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆயிற்று.

அவள் போன பிறகும் காற்று நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரி வேலைக்காரர்கள், லாரிக்காரர்கள், போனை எடுக்கப் பயந்தவர்கள், எடுத்தும் புரியாதவர்கள் எல்லாம் நல்ல டயரோடு வந்து, கொஞ்சம் காத்தைப் புடுங்கி அடிச்சுவிடுண்ணே என்று நின்றார்கள். தங்கள் பிள்ளை சேதி வந்தால் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். போகத் தயங்கி நின்றவனை அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பார், அவன் போகிறவரை.

வகுப்பாசிரியை ஒரு நாள் ஸ்கூட்டர் வாங்கினாள். முன்சக்கரத்தில் ஆணி ஏறி அவர் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்தாள். கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள், எட்டுப் பேரும் அவரோடு வருஷக் கணக்காக வம்பு பேசியவர்கள். அவள் சக்கரத்தைக் காட்டி, "பஞ்சர்! ஆணி!" என்று கத்தினாள். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு லாரி டயர் அரையாண்டுத் தேர்வு அட்டவணையை முழுசாகச் சொல்லி முடித்தது. ஆசிரியை திகைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாள் முழுக்க இங்க இதான் கேக்குமா? பாவம், இவருக்கு மட்டும் தெரியாது இல்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். தபால்காரர் தொண்டையைச் செருமி, "ஆமா டீச்சர், தெரியாது" என்றார். பஞ்சர்காரர் குனிந்து ஸ்கூட்டர் சக்கரத்தின் வால்வைத் திருகினார்.