உள்ளே விட்ட துணி

தையல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்குத் தைத்தாலும் உள்ளே இரண்டு விரல் துணியை மடித்து விட்டுவிடுவாள். உடம்பு என்ன கல்லா, கூடும் குறையும் என்பாள். மகள் கல்யாணத்துக்குத் தனக்கென்று தைத்த நீலக் கவுனில் மட்டும் அந்தத் துணியை நறுக்கி எறிந்துவிட்டாள். வைத்த அளவும் அவளுடைய அப்போதைய அளவில்லை, இளைத்தபின் வரப்போகிற அளவு. மெலிந்தே தீருவதென்று அப்படியொரு வீம்பு!

கல்யாணம் பதிகிற அலுவலகம் மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. மாரடைப்பு வந்து போனதிலிருந்து ஒரு மாடி ஏறினாலே அவளுக்கு மூச்சு முட்டியது. இளைத்தால் ஏறிவிடலாமென்று எடை குறைக்கும் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே வாராவாரம் எடை மிஷினில் ஏற்றுவார்கள், முள் இறங்கியிருந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காக முதல் நாளே பட்டினி கிடப்பாள், பாவி. ஒரு நாள் மிஷின் மேலேயே கண் இருட்டிச் சரிந்தாள்.

அங்கே எடை பார்க்கிற நர்ஸ் தாங்கிப் பிடித்துக் கேட்டாள்: "உங்களுக்கு மெலியணுமா, மாடி ஏறணுமாக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்லக்கா. மெலிஞ்சா மெலியட்டும், இல்லாட்டி போகட்டும். இதயத்தப் பழக்குவோம். இந்தக் கட்டடத்துக்குப் பின்னால நீச்சல்குளத்துல இன்னொரு வகுப்பு நடக்குது. நல்லா சாப்பிட்டுட்டு வாங்க."

அந்தக் குளத்தங்கரையில் எடை மிஷினே இல்லை. உயரத்து ஜன்னல் வழியாக வெயில் இறங்கித் தண்ணீருக்கடியில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். கைகால் அசைத்துக் களைத்தபின் மல்லாந்து மிதப்பாள். அப்போது காது தண்ணீரில் முங்கி உலகம் எங்கோ தள்ளிப் போய்விடும். பக்கத்து அறையில் யாரோ நிதானமாகத் தையல் மிஷின் மிதிப்பது போல அவள் இதயம் மட்டும் கேட்கும். "அடியே, இன்னும் ஓடுறியா நீ?" என்று அதனிடம் செல்லமாகக் கேட்பாள். இத்தனை வருஷத்தில் அதனோடு ஒரு வார்த்தை பேசியதில்லையே என்றிருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கவுனைப் போட்டுப் பார்த்தாள். முதுகில் ஒரு சாண் மூடவில்லை. பிரித்துவிட உள்ளே நூலளவு துணிகூட இல்லை. பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் விட்டியே, உனக்கு விடக் கூடாதாம்மா?" மகள் தன் வெள்ளைக் கல்யாணக் கவுனைப் புரட்டினாள். அடி மடிப்பில் அம்மா தாராளமாக விட்டிருந்த துணியைக் கத்தரித்து நீட்டினாள். "இந்தா, இதை வச்சுத் தை."

மறுநாள் நீலத்துக்கு நடுவே வெள்ளைப் பட்டையோடு தையல்காரி படியேறினாள். முதல் மாடியில் ஒல்லியான சம்பந்தி உட்கார்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். "மெதுவா வாங்க சம்பந்தி, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டுத் தாண்டினாள். மூன்றாம் மாடி வாசலில் மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நெஞ்சு விம்மியது.

மகள் பதறி ஓடிவந்தாள். "மூச்சு முட்டுதாம்மா?"

"இல்லடி," என்றாள் தையல்காரி. "அழுகைதான் வருது."