வாள்மேல் இரண்டு கீறல்

மெர்லெ, தூங்கிவிட்டாயா? அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாள். ஃபோனில் பேசினால் கேட்டுவிடும், அதனால் எழுதுகிறேன்.

காலையில் மெட்ஸ்லர் ஐயா எங்கள் பழைய பீங்கான் கடைக்கு ஒரு காபிக் கூஜா கொண்டு வந்தார். நீல வெங்காயப் பூப் போட்டது. நாளை பேத்திக்குக் கல்யாணம். சீராகக் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்க வந்திருந்தார். எந்தப் பீங்கானையும் நாங்கள் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்போம். வழக்கம்போல் கவிழ்த்து ஃபோட்டோ எடுத்தேன். அடியில் தொழிற்சாலை முத்திரை, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக இரண்டு நீல வாள்; நான் உற்றுப் பார்க்கவில்லை. பழுதான சரக்கென்றால் தொழிற்சாலையிலேயே வாள்மேல் கீறிவிடுவார்கள்.

விளக்கில் பார்க்கிறேன் என்று அம்மா உள்ளே எடுத்துப் போனாள். வந்து அவர் முன்னால் கவிழ்த்தாள்.

"நகத்த வெச்சு ஓட்டிப் பாருங்க ஐயா. தட்டுதா?"

"தட்டுது. ரெண்டு எடத்துல."

"ரெண்டாந்தரம். அதனால என்ன, காபி ருசி மாறிடாது."

"நாப்பது வருஷம் என் பொண்டாட்டி இத என்னத் தொட விட்டதில்ல. ரெண்டாந்தரத்துக்கா அவ்ளோ அதிகாரம்?"

சிரித்தார். காது சிவந்திருந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தது நான்தான்.

மத்தியானம் ஃபோட்டோவைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். வாள்மேல் கீறல் இல்லை. உள் அலமாரியைத் திறந்தேன். நேற்று வரை அங்கே எங்கள் கீறல் கூஜா இருந்தது, அதே பூ. இப்போது அந்த இடத்தில் அவருடையது.

அம்மா பின்னால் நின்றாள்.

"அந்த ஃபோட்டோவ அழி."

"அம்மா, இது அவரோடது."

"ஒரு கூஜா கொண்டு வந்தாரு, ஒரு கூஜா கொண்டு போனாரு. போன வருஷம் மூணு தட்டு சுத்திக் குடுத்தியே ரோன்யா, அப்ப எங்க போச்சு இந்த நியாயம்?"

அந்தத் தட்டுகளும் மாற்றினவை என்று எனக்குத் தெரியாது மெர்லெ. சத்தியமாகத் தெரியாது.

சாயங்காலம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவருக்கு ஃபோன் செய்தேன். பின்னால் பாட்டு, கூச்சல், பீங்கான் உடைகிற சத்தம். கல்யாணத்துக்கு முந்தின நாள் நல்ல சகுனத்துக்காகப் பழைய பீங்கானைப் பெண் வீட்டு வாசலில் போட்டு உடைப்பார்களே, அது.

"கடைக்காரப் பொண்ணா? அம்மாவுக்கு நன்றி சொல்லும்மா. சீரா குடுத்திருந்தா மாப்ள வீட்ல கவுத்துப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. மொதல்ல அந்தக் கூஜாவத்தான் ஒடச்சேன். என்னா சத்தம் தெரியுமா?"

ஃபோனை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. துண்டுகளைப் பொண்ணும் மாப்பிள்ளையும் கூட்டி அள்ளிவிடுவார்கள்.

"ஐயா, நீங்க ஒடச்சது உங்க கூஜா இல்ல. உங்களுது எங்க கடையில இருக்கு. அம்மா மாத்திட்டாங்க."

"நீ சொல்றது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"காலைல தேவாலயத்துக்குப் போற வழியில வரேன்."

நாளை எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும். சனிக்கிழமைகளில் கதவைத் திறப்பது நான்தான்.