உதறாத கிடாய்

சேலத்திலிருந்து தெற்கே வந்த ஆறுவழிச் சாலை, மோகனூருக்கு இந்தப் பக்கம் செங்காட்டுப்பாளையத்தில், ஒரு கிடாய் உடம்பை உதறாத காரணத்தால் நின்றுபோனது. வடக்கே தார் மினுங்கும், தெற்கேயும் மினுங்கும். நடுவில் காளியாத்தாளின் காடு. கொஞ்சம் குச்சிக்கிழங்கு, கொஞ்சம் சோளம், ஓர் ஓட்டு வீடு, கோடையிலும் தண்ணீர் கிடக்கும் கிணறு, வேப்பமரத்தடியில் அரிவாளோடு முனியப்பன். தமாஷுக்குச் சொல்லவில்லை, பஸ்ஸில் போகிற யாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

காளியாத்தாளுக்கு அந்தக் காட்டைவிட்டால் வேறு போக்கிடம் கிடையாது. புருஷன் போன பிறகு அந்தக் கிணற்றை நம்பித்தான் மகன் சபரிநாதனை ஆளாக்கினாள். ஆளானவன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வாங்கி, ஊர் ஊராகப் போர் போட்டு, அடுத்தவன் மண்ணைத் துளைத்தே பெரிய மனுஷன் ஆனான். சாலைக்கு நிலம் கேட்டு ஆட்கள் வந்தபோது, பெற்றவளைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தான். ஊர்க்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம்? அளவுக்கல் நட்ட அன்று மண்ணெண்ணெய்க் கேனோடு ஓடி, உயிரே போனாலும் மண்ணை விடமாட்டோம் என்று டிவிக்காரனிடம் நெஞ்சிலடித்துக்கொண்ட அத்தனை பேரும், மறுவாரம் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு கையெழுத்துப் போட நின்றார்கள். வராதவள் காளியாத்தாள் ஒருத்திதான். பட்டா அவள் பேரில் இருந்தது.

சாலைக் கம்பெனிக்கு மேலாளர் குணசீலன். பள்ளிபாளையத்துக்காரர், ஊர் நாடி தனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்கிற ரகம். நம்மாளுங்க சட்டத்துக்கு அசையமாட்டாங்க, சாமிக்கு அசைவாங்க என்று மேலிடத்தில் சொல்லி, மேச்சேரியிலிருந்து ஒரு செவலைக் கிடாய் வாங்கிவந்தார். இந்தப் பக்கத்து வழக்கம் அவருக்குத் தெரியும். கிடாய் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேண்டுவதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். அது உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. உதறாமல் அதை வெட்டவும் கூடாது, கேட்ட காரியத்தைத் தொடங்கவும் கூடாது. காதுக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் எந்தக் கிடாயும் உதறும், இதுவும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் மனிதர் மைக்கை வாங்கி ஊரறியக் கேட்டார்.

"முனியப்பா, ரோடு போட உத்தரவு குடு சாமி. நீ குடுக்காம இந்த மண்ணுல நாங்க கை வெக்க மாட்டோம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொம்புத் தண்ணீர் ஊற்றினார்கள், உதறவில்லை. குடம் குடமாக ஊற்றினார்கள். மோகனூர்ப் படித்துறையில் இறங்கிக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீர் லாரியைத் திருப்பி நிறுத்திக் குழாயால் பீய்ச்சினார்கள். காதில் விட்ட தண்ணீர் காதிலேயே கிடந்தது. ஐப்பசி மழையில் ஊரிலுள்ள ஆடெல்லாம் சிலுப்பிக்கொண்டபோது, இது மட்டும் சொட்டச் சொட்ட நின்றது. பளிங்கு பதித்த கோயில் கட்டித்தருவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்ததால் பூசாரி ஆண்டி, சாமி யோசிக்குது என்று சமாளித்தார். யோசனை வருஷக்கணக்கில் நீண்டது. உள்ளூர் டிரைவர்கள் வரப்பைத் தாண்ட மாட்டோம் என்றுவிட்டார்கள். வடநாட்டிலிருந்து வந்த டிரைவர் ஒருத்தன் பொக்லைனை இறக்கினான். அள்ளிய வாளி வெறுமையாக மேலே வந்தது, தோண்டிய குழி தானே மூடிக்கொண்டது. அவன் டீசல் தீரும்வரை காற்றை அள்ளிவிட்டு ஊருக்கு ரயிலேறினான்.

கிடாய் தின்னவும் இல்லை, இளைக்கவும் இல்லை. கால்நடை மருத்துவர் வந்து அதற்கு ஒரு நோயும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். சென்னையிலிருந்து குழு வந்தது, கிடாய்க்குக் கும்பிடு போட்டது, இளநீர் குடித்தது, போனது. படித்தவன், பதவியில் இருப்பவன், கரைவேட்டி கட்டியவன் எல்லோரும் குனிந்து குனிந்து கிடாயிடம் சம்மதம் கேட்டார்கள். பத்தடி தள்ளிக் களை வெட்டிக்கொண்டிருந்த காளியாத்தாளிடம், உனக்குச் சம்மதமா என்று ஒரு நாய் கேட்கவில்லை. அவளுக்கு அது வயிறெரிந்தது. எரிந்தாலும், பாவம் அது என்ன செய்யும் என்று வெயில் நேரத்தில் கிடாய்க்குச் சாக்குப் போர்த்திவிட்டாள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவன் சபரிநாதன். காட்டுக்குச் சொந்தக்காரி கேட்டால்தானே சாமி பதில் சொல்லும் என்று குணசீலனிடம் ஓதினான். இத்தனை வருஷம் தோன்றாத புத்தி. ஒரு தை மாதக் காலையில் பெரிய அதிகாரி, போட்டோக்காரர், போலீஸ், மாலை, மேளம் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார்கள்.

"அம்மா, நீ ஒரு சொம்பு ஊத்திக் கேட்டீன்னா முடிஞ்சு போயிரும். எனக்காவ கேளும்மா" என்றான்.

காளியாத்தாள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "கேக்கறேன் கண்ணு. ஆனா நான் கேட்டா, எனக்கு வேணுங்கறதத்தான் கேப்பேன்."

"நல்லாக் கேளுங்கம்மா" என்று குணசீலன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கிழவி இறங்கி வந்துவிட்டாள் என்று எல்லோரும் போட்டோவில் விழுவதற்காகக் கிடாயைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். சபரிநாதன் கிடாயின் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டான்.

"நீ அக்கட்டால போய் நில்லு கண்ணு. நனைஞ்சிருவ" என்றாள் அவள்.

"நனைஞ்சா என்னம்மா? காஞ்சிட்டுப் போவுது" என்றான் அவன்.

அவள் இன்னொரு தரமும் சொன்னாள். அவன் நகரவில்லை. மஞ்சள் தண்ணீரை ஊற்றி, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"முனியப்பா, இந்தக் காடு காடா இருக்க வேண்டாம்னு நெனைக்கறவங்க எல்லாம் திரும்பிப் போயிரட்டுமா?"

கிடாய் உதறியது. இத்தனை வருஷமாக வாங்கிய தண்ணீரை எல்லாம் சேர்த்து உதறியது. சொம்பும் குடமும் லாரியும் காவிரியும் ஐப்பசியும் அதிலிருந்து புறப்பட்டு வந்தன. அதிகாரி நனைந்தார், குணசீலன் நனைந்தார், ஆண்டி நனைந்தார், பொக்லைன் நனைந்தது. நனைந்தவர்கள் திரும்பி நடந்தார்கள். பொக்லைன் டிரைவர் இல்லாமலே பின்னால் ஊர்ந்து போனது. அளவுக்கற்கள் மண்ணிலிருந்து எழும்பி உருண்டு போயின. கயிற்றை விட்டுவிட்டு, அம்மா என்று கூடச் சொல்லாமல், சபரிநாதனும் போனான். சொம்பைப் பிடித்தபடி காளியாத்தாள் மட்டும் நின்றாள். ஊற்றிய கையும் முந்தானையும் உலர்ந்தே இருந்தன.

அதன் பிறகு சாலையை ஊருக்கு மேற்கே வளைத்துக் கொண்டுபோனார்கள். வளைவுக்கு வேறேதோ தொழில்நுட்பக் காரணம் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள், வெட்கங்கெட்டவர்கள். குணசீலன் சென்னை அலுவலகத்தில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. அன்று நனைந்த யாருக்கும் ஈரம் காயவில்லை, காட்டுக்குள் யாருக்கும் கால் வரவுமில்லை. கிடாய் இப்போது நன்றாக மேய்கிறது, சோளத்தில் வாய் வைத்து ஏச்சும் வாங்குகிறது.

சபரிநாதன் அமாவாசைக்கு அமாவாசை வருகிறான். வரப்பு வரைக்கும் வருவான், அதற்கு மேல் காலை வைத்தால் கால் தானாகத் திரும்பிக்கொள்ளும். தார் முடிகிற இடத்தில் உட்கார்ந்து, அம்மா போசியில் கொண்டுவரும் சோற்றைத் தின்பான். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பான். ரிக் தொழில் எப்படிப் போகிறது என்று அவள் கேட்பாள், பரவாயில்லைம்மா என்பான். எழுந்து, வாரேம்மா என்னும்போது, அவள் காட்டுக்குள் நின்றபடியே கையை நீட்டி, முந்தானையால் அவன் தலையைத் துவட்டிவிடுவாள். காயாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் குனிந்து கொடுப்பான், அவள் துவட்டுவாள்.